மானுக்கு விதைத்த காராமணி

என் மகனே, உன் கடிதம் நேற்று மத்தியானம் கைக்கு வந்தது. விடுதிப் பிள்ளைகளுக்குச் சாம்பாரை இறக்கி வைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அடுப்படியிலேயே உட்கார்ந்து பிரித்தேன். பயிற்சி முடிந்ததும் வேலை கிடைத்துவிட்டது என்ற முதல் வரியை உன் நைனாவைக் கூப்பிட்டுச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடுத்த வரியில் யாருடைய பண்ணை என்று எழுதியிருந்தாய். அங்கே சத்தமாக வாசிப்பதை நிறுத்திவிட்டேன். "இன்னா, அப்புறம் இன்னா எழுதிக்கீறான்?" என்று நைனா கேட்டார். "சோறு நல்லா கீதாம்" என்றேன். உன் கடிதத்தில் சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மீதியை மனதுக்குள் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன், ஆற வைத்துவிட்டு எழுத எனக்கு இஷ்டமில்லை.

நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. வேட்டைக்கு வருகிற விருந்தாளிகளுக்காக, மானும் பன்றியும் முயலும் வந்து மேயட்டும் என்று ஒரு துண்டு நிலத்தில் காராமணியும் கொள்ளும் விதைக்கச் சொல்லியிருக்கிறார் மிராசுதார். வேரில் முடிச்சு கட்டுகிற நுண்ணுயிரைப் பாட்டிலில் வாங்கி விதையோடு கலந்து விதைக்க வேண்டும் என்று நீ சொல்கிறாய். மிருகம் தின்கிற பயிருக்கு அதெல்லாம் தண்டம் என்று அவர் சொல்கிறார். நைனா அந்தக் காலத்தில் எப்படிச் செய்தார் என்று என்னைக் கேட்கிறாய். பதில் சொல்கிறேன். ஆனால் உடனே சொன்னால் அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்துப் பெட்டியில் போட்டுவிடுவாய். அதனால் கடைசிவரை படி. நீ போர்டிங் பள்ளியில் இருந்த காலத்தில் நடந்தது உனக்கு அரையும் குறையுமாகத்தான் தெரியும். லீவுக்கு வருகிற பிள்ளையிடம் எதைச் சொல்வது என்று நாங்களும் மென்று விழுங்கினோம்.

திருப்போரூருக்குக் கிழக்கே, கால்வாய்க்கு இந்தப் பக்கம் இருந்த நம் கொல்லை உனக்கு ஞாபகம் இருக்கும். நம் குடும்பத்தில் நிலம் என்று ஒன்று யார் பெயரிலும் இருந்ததில்லை. எல்லோரும் ஊரான் நிலத்தில் குனிந்தவர்கள். உன் நைனா மிஷன் தோட்டத்தில் வேலை பார்த்துச் சேர்த்து வாங்கிய அந்தத் துண்டுதான் முதல் நிலம். வாங்கிய அன்று அவர் வரப்பில் நடக்கவில்லை, ஓடினார். பார்க்கிறவர்கள் சிரிப்பார்களே என்று நான் கூப்பிட்டேன், கேட்கவில்லை. அதில், உன் புத்தகத்தில் நிலக்கடலை என்று போட்டிருக்கிற நம் மல்லாட்டை போட்டோம், ஊடே காராமணி போட்டோம். முதல் வருடம் செடி வெளுத்தது. மிஷன் தோட்டத்தில் நன்றாக விளைந்த அவரைக்காய்ப் பாத்தியிலிருந்து ஒரு மூட்டை மண் தூக்கிக்கொண்டு வந்து, ஆறிய கஞ்சியில் குழைத்து, அடுத்த வருடம் விதைக்குப் பூசி விதைத்தார். அங்கே அப்படித்தான் செய்வார்கள், அவர் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு அந்த நிலத்துக்கு யாரும் எதையும் பூச வேண்டியிருக்கவில்லை. ஒரு செடியைப் பிடுங்கினால் வேர் முழுக்கக் கடுகு கடுகாக முடிச்சு இருக்கும். நகத்தால் கிள்ளினால் உள்ளே சிவப்பாக இருக்கும். உன் நைனா அதைக் கிள்ளிக் கிள்ளி என்னிடம் காட்டுவார், நான் ஏதோ புதிதாகப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு தடவையும் பார்ப்பேன்.

நமக்கு மேற்கே இருந்தது மிராசுதாரின் புதர்க்காடு. சுதந்திரம் வந்த பிறகு அவருக்குப் பட்டணத்தில் பெரிய சிநேகிதர்கள் சேர்ந்தார்கள். அவர்கள் துப்பாக்கியோடு காரில் வருவார்கள், காட்டில் அலைவார்கள், ஒரு முயல்கூடக் கிடைக்காமல் மாமல்லபுரம் போய்க் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். அது அவருக்கு அவமானமாக இருந்தது. வெள்ளைக்காரர்கள் ஊரில் மிருகத்துக்கென்றே பயிர் போடுவார்களாம், அது மேய வரும், இவர்கள் உட்கார்ந்த இடத்தில் சுடுவார்களாம். யாரோ சொன்னதைக் கேட்டு, நம் வேலிக்கு ஒட்டினாற்போல் காட்டை வெட்டி எரித்துக் காராமணியும் கொள்ளும் விதைத்தார். அது அத்தனையும் மஞ்சளாகப் போய்விட்டது. பயறு என்பதையே பார்க்காத மணல் அது, வேரில் ஒரு முடிச்சு கிடையாது. நம் பக்கம் பார்த்தால் கரும்பச்சை. அவருடைய வேலையாள் வந்து உன் நைனாவை அழைத்துக்கொண்டு போனான்.

போனவர் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். உன் நைனாவின் குணம் உனக்குத் தெரியும். "ஆண்டே, நம்ம கொல்ல மண்ணே எடுத்துக்கோங்க. மல்லாட்டை வெளஞ்ச மண்ணு காராமணிக்கும் கேக்கும்" என்று சொல்லிவிட்டு வந்து, கூடை கூடையாக வெட்டிக் கொடுத்தார். "இன்னாய்யா நீ, நம்ம மண்ண வெட்டிக் குடுத்துகினு கீற?" என்று கேட்டேன். "மண்ணு தானேம்மே, கொறஞ்சா பூடும்?" என்றார். அதோடு விட்டாரா? விதையை நம் வீட்டுக்கே கொண்டுவந்து கஞ்சி காய்ச்சச் சொன்னார். நான் காய்ச்சினேன். குழைத்துப் பூசியதை எங்கே உலர்த்துவது என்று நான் யாரையும் கேட்கவில்லை. கஞ்சி போட்ட பொருளை நமக்கு வடகமாகத்தான் தெரியும், உச்சி வெயிலில் பாறைமேல் பரப்பிவிட்டேன். மண்ணில் இருந்த உயிர் மொத்தமும் அதிலேயே பொசுங்கிப் போயிருக்கும். விதைத்தது மறுபடியும் மஞ்சள். ஊர் நடுவில் வைத்து, "மண்ணக் கொழச்சிக் குடுத்து ஏமாத்திகினு கீறியா?" என்று மிராசுதார் கத்தினார். உன் நைனா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். என் பெண்சாதி வடகம் போட்டுவிட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த தடவை நிழலில் உலர்த்தி, அன்றைக்குச் சாயங்காலமே விதைத்துக் கொடுத்தார். அது வந்தது பார், முழங்காலுக்கு மேல்! என் வடகத்தால் அந்த நிலம் என்றைக்கும் மஞ்சளாகவே கிடந்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

காட்டு மிருகத்துக்குச் செய்தி எப்படிப் போகுமோ தெரியாது. அந்த மார்கழியிலேயே எங்கிருந்தோ எல்லாம் வந்து சேர்ந்தன. மான் காராமணியை மேயும், கொள்ளை மேயும், அங்கேயே நின்றுகொள்ளும். பன்றி அப்படி இல்லை. தழையை ஒரு வாய் தின்றுவிட்டு, மூக்கை வைத்து நிலத்தை மோந்துகொண்டே நம் வேலிக்குள் வந்துவிடும். மல்லாட்டைக்குப் பிஞ்சு பிடிக்கிற சமயம். ஒரு வரிசையை அது உழுதுவிட்டுப் போனால் நம் மாட்டுக்கு அவ்வளவு ஆழமாக உழ வராது. நான் பஞ்சாயத்தைக் கூட்டினேன். நைனா வேண்டாம் என்றார், நான்தான் கூட்டினேன். மிராசுதார் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, எல்லோரும் கேட்கும்படி என்னைப் பார்த்துச் சொன்னார்: "வயிறு ரொம்புன மிருகம் பக்கத்துக் கொல்லையில வாய் வெக்காதும்மே. நா போட்டுக்கீற காராமணி உன் மல்லாட்டைக்குக் காவல்." எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அவர்களில் பாதிப்பேர் அன்று காலையில்தான் நம் கொல்லையைப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டியவர்கள். அந்த வார்த்தையை நான் இன்றுவரை ஒரு எழுத்து மாறாமல் வைத்திருக்கிறேன். நீயும் மனப்பாடம் செய்துகொள், வேலைக்கு ஆகும்.

காவலுக்கு நாமே உட்கார வேண்டியதாயிற்று. மாசி மாதம், பனி இன்னும் விலகாத விடியற்காலை. பன்றி கிளறிய இடத்தில் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று உன் நைனா குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். காராமணிப் பக்கம் ஒளிந்து உட்கார்ந்திருந்த விருந்தாளி ஒருவர், செடி அசைவதைப் பார்த்துச் சுட்டுவிட்டார். ரவை தெறித்து முகமெல்லாம் ரத்தம். நான் சத்தம் கேட்டு ஓடிப்போனபோது அவர் மண்ணில் உட்கார்ந்து, ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையில் பொறுக்கிய மல்லாட்டையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். மிராசுதார் வந்து பார்த்தார். பார்த்துவிட்டு அவர் சொன்னது இது: "யாரு இவன அங்க குந்திகினு இருக்கச் சொன்னது?" நம் நிலத்தில் நாம் உட்கார்ந்ததற்கு! மாட்டு வண்டியில் போட்டுச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. இடது கண் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். உனக்கு முள் குத்தியது என்று எழுதினோம்.

நைனாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு மாற்றுத் துணி எடுக்க நான் வீட்டுக்கு வந்தேன். வாசலில் மிராசுதாரின் வேலையாள் நின்றான். கையில் இலையில் சுற்றிய பன்றித் தொடை. அன்று காலையில் சுட்டது. "ஆண்ட குடுத்தனுப்பிச்சாரு, ஆறுதலுக்கு" என்றான். நான் அதை வாங்கினேன். வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, ரத்தம் கழுத்தில் வழிய வழியத் தெருத் தெருவாக நடந்து, அவர் வீட்டு வாசல்படியில் கொண்டுபோய்ப் போட்டேன். விருந்தாளிகள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். "கண்ண எடுத்துகினு கறியக் குடுக்கறீங்களே, உங்க வூட்டுல இதான் மொறையா?" என்று கேட்டேன். சுட்டவர் யார் என்று எனக்குத் தெரியாது, அத்தனை பேரும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பி நடக்கும்போது அவர் வீட்டு நாய்கள் அந்தத் தொடைக்கு அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது.

பிறகு என்ன, மறு வருடமும் பன்றி வந்தது, காவலுக்கு உட்கார ஆள் இல்லை. நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டு இங்கே செங்கல்பட்டுக்கே வந்தோம். வாங்கியது யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேறு யார் வாங்குவார்கள், பன்றி மேய்கிற நிலத்தை? நான் விடுதியில் சமைக்கிறேன், நைனா விடுதிக்கு வாட்ச்மேன். ஒற்றைக் கண்ணனைக் காவலுக்கு வைத்திருக்கிறார்களே என்று அவரே சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் வந்தால் நைனா என் முழங்கையை இடிப்பார். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், "வுட்டுத்தள்ளும்மே, அவுரு பாவம் அவுரோட" என்பார். நான் விடவில்லை. பாதிரியார் சொல்வதைப் பயபக்தியோடு கேட்டுக்கொள்கிறேன், திங்கட்கிழமை அடுப்பு மூட்டும்போது மிராசுதார் முகம் வந்து நிற்கிறது, அவ்வளவுதான். கர்த்தருக்கும் இது தெரியும். நான் மறைத்து வைத்து ஜெபம் பண்ணுகிறவள் இல்லை.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். அதில் மூன்று இடத்தில் எனக்குச் சுருக்கென்றது. உன் அப்பா பெயரைச் சொன்னபோது மிராசுதாருக்கு ஞாபகமே வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். நம் மண்ணை வாங்கி, கண்ணை வாங்கி, நிலத்தை வாங்கிக்கொண்ட மனுஷனுக்கு அந்தப் பெயர் ஞாபகம் வரவில்லை! நல்ல மனிதராகத்தான் தெரிகிறார் என்றும் எழுதியிருக்கிறாய். அதை நான் மன்னித்துவிட்டேன், பிள்ளை என்பதால். மூன்றாவதுதான் முக்கியம். நம்முடைய பழைய கொல்லையில் அவர் இந்த மார்கழிக்கு விதை மல்லாட்டை போடப் போகிறாராம். அதனால் மிருகத்துக்கான பயிரை அதன் பக்கத்திலிருந்து தூக்கி, கால்வாய்க்கரைக்கு மாற்றச் சொன்னாராம். ஏன் என்று நீ கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதியிருக்கிறாய்: "காராமணிக்கு வர்ற பன்னி மல்லாட்டைய வுட்டுட்டுப் பூடுமா, தம்பி?" படித்ததும் நான் அடுப்படியில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பல வருடம் கழித்து வந்த சிரிப்பு. அப்படியானால் அவருக்கு அன்றைக்கும் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துச் சொன்னபோதே தெரியும்.

கால்வாய்க்கரையில் யார் இருக்கிறார்கள் என்று யோசித்தாயா? உன் சின்ன அத்தை. புருஷன் போன பிறகு அவளுக்கு இருப்பது அந்தக் கேழ்வரகுக் கொல்லை ஒன்றுதான். போன மாதம் வந்தபோது, "ஆளுங்க வந்து கரையில அளந்துகினு கீறாங்க அண்ணி, இன்னா ஏதுன்னு தெர்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கும் அப்போது விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. அவளும் நாளைக்குப் பஞ்சாயத்தில் நிற்பாள், அவளுக்கும் அதே வார்த்தையைச் சொல்வார்கள். அந்த வயலுக்கு விதை விதைக்கப் போகிறவன் என் பிள்ளை. இதை நான் சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன் என்று நினைத்தால் நீ என்னைச் சரியாகப் பார்த்ததே இல்லை.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். கால்வாய்க்கரை உப்பு மண், பயறு ஏறாத மண். அங்கே விதைப்பதானால் விதைக்குக் கட்டாயம் நுண்ணுயிர் சேர்க்க வேண்டும். சேர்த்தாலும் உப்பில் அது பிழைக்குமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பழைய இடத்தில், நம் வேலிக்கு ஒட்டின அந்தத் துண்டில், ஒன்றும் சேர்க்க வேண்டாம். வருடா வருடம் காராமணி ஏறிய நிலம் அது. உன் நைனா கூடை கூடையாகக் கொட்டிய மண்ணின் உயிர் அங்கே இன்னும் இருக்கும். நம்பாவிட்டால் போன பட்டத்துச் செடி ஏதாவது முளைத்து நின்றால் ஒன்றைப் பிடுங்கி, முடிச்சைக் கிள்ளிப் பார், சிவப்பாக இருக்கும். இதைத்தான் நீ மிராசுதாரிடம் சொல்லப் போகிறாய். உன் பயிற்சியில் சொன்னதும் இதுதான், ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பாட்டிலுக்குச் செலவு செய்ய மனம் வராதவர் அவர், மஞ்சள் பயிரை விருந்தாளிக்குக் காட்டவும் மனம் வராதவர். பழைய இடத்திலேயே போடு என்று அவர் வாயாலேயே சொல்லுவார். மல்லாட்டை என்ன ஆகும் என்று இழுத்தால், ஊர் ஆட்கள் இருக்கும் இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, மரியாதையாகச் சொல்: "வயிறு ரொம்புன மிருகம் பக்கத்துக் கொல்லையில வாய் வெக்காதுன்னு பஞ்சாயத்துல நீங்கதானே சார் சொன்னீங்க." சார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆண்டே என்று உன் வாயில் வந்ததாக நான் கேள்விப்பட்டால், அந்த வாய்க்கு நான் சோறு போட மாட்டேன்.

விதைத்த பிறகு வேலையில் ஒரு குறையும் வைக்காதே. களை எடு, தண்ணீர் கட்டு, காராமணி இடுப்பளவு வரட்டும், காட்டில் இருக்கிற மிருகம் அத்தனையும் வரட்டும். அந்தப் பச்சையைப் பார்த்து விருந்தாளிகள் உன்னைப் பாராட்ட வேண்டும். ஒன்றே ஒன்று மட்டும் நான் கட்டளையாகச் சொல்கிறேன். துப்பாக்கிக்காரர்கள் வருகிற நாளில் மல்லாட்டைக் கொல்லையில் காவலுக்கு ஓர் ஆளையும் உட்கார விடாதே. எந்த ஏழைக்கும் இன்னொரு கண் போகக் கூடாது. அவர் ஆளைப் போடச் சொன்னால், "யாரு அங்க குந்திகினு இருக்கச் சொன்னதுன்னு அப்புறம் நீங்களே கேப்பீங்க சார்" என்று சொல். அந்த வார்த்தையைக் கேட்டதும் உன் அப்பா பெயர் ஞாபகம் வந்துவிடும் பார். வந்தால் எனக்கு எழுது, முகம் எப்படி ஆயிற்று என்று விவரமாக எழுது.

என்னை ஏன் இந்தப் பழிக்கு இழுக்கிறாய் அம்மா என்று நினைப்பாய். இழுக்கத்தான் இழுக்கிறேன். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? வேலை போனால் போகட்டும், உனக்குக் கை கால் இருக்கிறது, படிப்பு இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு. அவர்கள் வீட்டில் உனக்குத் தண்ணீர் எதில் கொடுக்கிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொள், தனிக் குவளையில் கொடுத்தால் தாகம் இல்லை என்று சொல்லிவிடு. அத்தையைப் போய்ப் பார், அவள் பயந்துகொண்டிருப்பாள்.

இதுவரை எழுதிவிட்டு, நைனாவிடம் மறைத்து இதைத் தபாலில் போட எனக்கு மனம் வரவில்லை. சோறு பற்றிச் சொன்ன பொய்யே உறுத்திக்கொண்டிருந்தது. உட்கார வைத்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். வழக்கம்போல விட்டுத்தள்ளு என்பார், சண்டை போட நான் தயாராகவே இருந்தேன். ஆனால் அவர் பஞ்சாயத்து வரும் இடத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். துண்டால் போன கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது இப்போதும் பனிக்காலத்தில் நீர் விடும், ஆனால் இன்றைக்குப் பனி இல்லை. அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"மாசி மாசம் மல்லாட்டைய பாக்கணும்னா, எந்த பஸ்சுல போணும்மே?"

இருவரும் வருகிறோம்.

உன் அம்மா